அப்பாவின் மூடிய கை: ஆறு வார விடுமுறையில் பார்த்த வைத்தியம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீடியோ காலில் பேசும்போதெல்லாம் வலது கை திரைக்கு வெளியேதான் இருக்கும். இந்த முறை ஊருக்குப் போனபோதுதான் அதன் நிலையைப் பார்த்தேன். முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது. நகம் வெட்ட அம்மா விரலைப் பிரித்தால், "விட்டுடு, வலிக்குது" என்பார்.

முதலில் போன இடத்தில் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்ட்ரோக் வந்தா இப்படித்தான்" என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். அப்பா பகலெல்லாம் தூங்கினார். கை அப்படியே இருந்தது. இரண்டு வாரம் போய்விட்டது.

அப்புறம் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்தான் போட்டுலினம் டாக்சின் ஊசியைப் பற்றிச் சொன்னார். முகச் சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் இந்த மருந்துதான். தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் நரம்பு முனையிலிருந்து வெளிவராமல் இது தடுக்கிறது. பக்கவாதத்துக்குப் பிந்தைய கை இறுக்கத்துக்கு அமெரிக்காவில் 2010-லேயே அனுமதி கிடைத்த மருந்து. எங்களிடம் அதுவரை யாரும் சொல்லவில்லையே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

இரண்டாவது டாக்டர் கையை மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை நீட்டிப் பார்த்தார். தசையும் மூட்டும் நிரந்தரமாகக் குறுகி இறுகிவிட்டிருந்தால் ஊசியால் பலன் இல்லையாம். விழுங்கச் சிரமம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்றும் கேட்டார். தூக்க மயக்கத்தைச் சொன்னதும் பழைய மாத்திரையைக் குறைத்து எழுதினார். பிறகு என்னிடம், "இந்த ஊசியால என்ன நடக்கணும்னு நினைக்கிறீங்க?" என்றார். அப்பா மறுபடி எழுத வேண்டும் என்றேன். "இறுக்கம் தளரும், போன பலத்தை ஊசி கொண்டுவராது" என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில் உள்ளங்கையைக் கழுவ முடிய வேண்டும், நகம் வெட்ட வேண்டும், சட்டைக் கையை வலியில்லாமல் மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அவரை மறக்க மாட்டேன்.

ஸ்கேன் திரையில் தசையைப் பார்த்தபடியே மேல்கையிலும் முன்கையிலும் போட்டார். ஒவ்வொரு கம்பெனி மருந்துக்கும் யூனிட் கணக்கு வேறு. அதனால் மருந்தின் பெயரையும் எந்தத் தசையில் எத்தனை யூனிட் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து விரல்கள் கொஞ்சம் இடம் கொடுத்தன. முழுப் பலன் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வரும், மூன்று நான்கு மாதத்தில் குறையும். அந்த இடைவெளியில்தான் தினமும் கையை நீட்டிப் பயிற்சி கொடுத்து, கையை விரித்த நிலையில் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட் கட்ட வேண்டும். ஊசி மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முழுப் பலன் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே டாக்டரிடம் நாள் வாங்கிவிடுங்கள். நான் முதல் வாரமே போட்டிருந்தால் பயிற்சிக்கு இன்னும் இரண்டு வாரம் அப்பாவோடு இருந்திருப்பேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அம்மா ஐந்து விரல் நகத்தையும் வெட்டினார். உள்ளங்கைப் புண் ஆறியிருந்தது. அடுத்த ஊசிக்குக் குறைந்தது 12 வாரம் ஆக வேண்டும். தங்கை கூட்டிப் போகிறாள். இப்போது வீடியோ காலில் முதலில் வலது கையைக் காட்டச் சொல்கிறேன். அப்பாவும் காட்டுகிறார்.