80-ஐத் தாண்டினால் ஒரு ரீங்காரம்: 60,000 கி.மீ.க்குப் பிறகு என் கார்

முன்பக்க வலது வீல் பேரிங் (சக்கரம் உரசாமல் சுழலத் தாங்கிப் பிடிக்கும் உருளை வளையம்) மாற்றியாயிற்று. மாற்றிய கையோடு நண்பர் ஒருவர் போன் செய்து, இதே மாடல் செகண்ட் ஹேண்டில் நல்லதா ஒண்ணு வந்திருக்கு, வாங்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். மைலேஜ், டிக்கி, ஏசி பற்றியெல்லாம் எழுதாத ஆளில்லை, எனக்கும் அதில் புகார் கிடையாது. என் பிரச்சினை சத்தம்.

மாற்றுவதற்கு முன் நிலைமை இது: ஊருக்குள் 40, 50 கி.மீ. வேகத்தில் ஒன்றும் தெரியாது. செங்கல்பட்டு தாண்டி 80-ஐத் தொட்டதும் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவது போல ஒரு 'ஊஊம்' ஆரம்பிக்கும். 100-ல் பின் சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். திருச்சி வரை இதைக் கேட்டுக்கொண்டே போனால் இறங்கின பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நாலு வழி நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதித்த வேகமே 100 தான், ரேஸ் ஓட்டிவிட்டு நான் புலம்பவில்லை.

சர்வீஸ் சென்டரில் விட்டால் ஒரு பையன் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சிக்னல் வரை போய்த் திரும்பி வருவான். "டிரையல் பாத்தாச்சு சார், சத்தமே இல்ல." 80-ல் வருகிற சத்தம் 40-ல் எங்கிருந்து வரும்? அட்வைசரிடம் அழுத்திச் சொன்னால், "இந்த மாடலே அப்படித்தான் சார்." அப்புறம் ஒருநாள் நாலு டயரையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் நீட்டினார்கள். இல்லாத சத்தத்துக்கு எதற்குப் புது டயர் என்று கேட்டால் பதில் இல்லை. என் கோபத்தில் பாதி இவர்கள் மேல்தான், வண்டி மேல் இல்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் எஞ்சினா, சக்கரமா என்று பிரிக்க வேண்டும். காலியான நேர்ச் சாலையில் 90-ல் கிளட்சை மிதித்தேன். ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், விழுந்தது, சத்தம் விழவில்லை. அதே வேகத்தை நாலாவது கியரில் ஓட்டினாலும் ஐந்தாவதில் ஓட்டினாலும் அதே சுருதி. ஆக எஞ்சின் பக்கம் இல்லை. அடுத்தது காற்று. காற்றுச் சத்தம் வேகத்தோடு கன்னாபின்னாவென்று ஏறும், தோராயமாக வேகத்தின் ஆறாம் அடுக்கு, அதாவது 80-லிருந்து 100-க்குப் போனாலே அதன் ஆற்றல் ஏறத்தாழ நாலு மடங்கு. மாஸ்கிங் டேப் வாங்கி, கதவு இடுக்கு, மிரர் அடிப்பக்கம், ரெயின் வைசர் (ஜன்னலுக்கு மேலே மழை தடுக்க ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை) ஓரம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு தாம்பரம் வழியாகப் போனேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. 'ஊஊம்' அசையவே இல்லை. அவ்வப்போது கூடவே வரும் ஒரு சின்ன விசில் மட்டும் நின்றுபோயிருந்தது.

அதற்குப் பிறகுதான் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ரோட்டுக்குப் போயி கேப்போம் சார்" என்று வண்டலூர் வெளிவட்டச் சாலைக்குக் கூட்டிப்போனார், அதற்கே அவருக்குப் பாதிக் கூலி கொடுக்கலாம். முன்னும் பின்னும் யாருமில்லாத இடத்தில், 80-ல், ஸ்டீயரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடித்தார். சத்தம் கூடியது. வலப்பக்கம் ஒடித்தார், குறைந்தது. இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தில் ஏறும், தேய்ந்த பேரிங் அப்போதுதான் கத்தும். பட்டறைக்கு வந்து ஜாக்கியில் ஏற்றி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை. பேரிங் போயிருந்தால் ஆடும் என்று நினைத்த நான் ஏமாந்த முகத்தோடு நிற்க, சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் காயில் ஸ்பிரிங்கில் விரலை வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். வலப்பக்கம் ஸ்பிரிங்கில் கரகரவென்று அதிர்வு தெரிந்தது, இடப்பக்கம் ஒன்றுமே இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், பேரிங் போனதற்குக் கம்பெனியைத் திட்ட முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி சக்கரம் முழுகத் தண்ணீரில் நின்றது. பேரிங்கை மூடியிருக்கும் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கெட்டு, துரு பிடித்து, எந்த வண்டி பேரிங்கும் மெதுவாகச் சாகும். டயர் விஷயத்திலும் சர்வீஸ் சென்டர் சொன்னது முழுப் பொய் இல்லை. பின் டயர்களை உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழவழ, எதிர்த் திசையில் சொரசொர. ரம்பப்பல் போலத் தேய்ந்த டயரும் தன் பங்குக்கு ஊளையிடும். புதுத் தார் வந்ததும் சத்தம் கொஞ்சம் இறங்குவதும் இதனால்தான், பேரிங் சத்தத்துக்கு ரோடு பேதம் கிடையாது. ஆனால் அதற்கு நாலு டயரா? பின்னால் இரண்டு மட்டும் மாற்றி, அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தோம். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றவிடாதீர்கள், பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பேரிங் வேலை மட்டும் கூலியோடு நாலாயிரத்துக்குள் முடிந்தது.

கம்பெனியைத் திட்ட வேண்டியது வேறு இடத்தில். சக்கரத்தை மூடியிருக்கும் வளைவான வீல் ஆர்ச்சுக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தவிர வேறு தடுப்பே இல்லை, சின்னக் கல் தெறித்தாலும் காலடியில் கேட்கும். இந்த விலைக்கு சத்தத்தை அடக்க இரண்டு ஃபெல்ட் ஷீட் வைத்திருக்கக் கூடாதா? மற்றபடி எஞ்சின் இன்றைக்கும் புதுசாக இழுக்கிறது, ஒருமுறைகூட நடுரோட்டில் நிறுத்தியதில்லை, மேடு பள்ளத்தில் முதுகு வலித்ததில்லை. இப்போது 100-ல் குழந்தை பின் சீட்டில் தூங்குகிறாள். மிச்சம் இருப்பது அந்த விசில் மட்டும். இடது ரெயின் வைசரின் முன்முனை தூக்கியிருக்கிறது. கழற்றிவிடலாம், ஆனால் மழையில் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி ஓட்ட அது வேண்டியிருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இதே காசுக்கு அமைதியான வண்டி கிடைக்கும். என் வண்டியைக் கொடுப்பாயா என்று கேட்காதீர்கள், கொடுக்கமாட்டேன். இல்லை, இதுதான் வேண்டும் என்றால் பாட்டை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, பைபாஸில் 90 வரை ஓட்டிப் பாருங்கள். விற்கிறவர் தெருமுனை வரை போதும் என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.