சுவரை மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்: பழைய மோட்டார்ஹோம் ரிப்பேரில் நான் ஏமாந்த கதை

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் என்னைப் போலவே பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு கூடிய பயண வேன்) வாங்கியிருக்கும் நண்பர்கள் இருவர், வேலைக்கு எந்தப் பட்டறையில் விட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெயரை இங்கே சொல்ல மாட்டேன். பணத் தகராறு இன்னும் முழுதாக முடியவில்லை. ஆனால் எங்கே, எப்படி ஏமாந்தேன் என்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இந்த வித்தை தெரிந்தவர்கள் ஒரே பட்டறையில் மட்டும் இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

வண்டி 2007 மாடல். ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டியது, நான்கு பேர் படுக்கலாம். ஒரு தனிநபரிடம் 16,500 பவுண்டுக்கு வாங்கினேன். முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. எம்ஓடி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திரச் சோதனை) இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று விற்றவர் சொன்னதும், வண்டியே நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எம்ஓடி சோதனையில் பிரேக், டயர், விளக்கு, புகை, அடித்தளத் துரு இதையெல்லாம் பார்ப்பார்கள். பின்னால் நாம் படுத்துத் தூங்கும் பகுதியின் சுவர் ஊறியிருக்கிறதா, கேஸ் குழாய் கசிகிறதா என்று பார்க்க மாட்டார்கள். அதற்கு ஹாபிட்டேஷன் செக் என்று தனியாக ஒன்று உண்டு. சில நூறு பவுண்டு ஆகும். அதை மிச்சம் பிடித்தேன். தனிநபரிடம் வாங்கினால், அவர் வண்டியைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் ஒழிய, தரம் சரியில்லை என்று பின்னால் போய்ச் சட்டையைப் பிடிக்கவும் முடியாது.

இரண்டு மழை கழிந்ததும் பின்பக்க வலது மூலையில், படுக்கைக்கு மேலே, சுவர்த்தாள் லேசாக உப்பியது. ஒரு புழுக்க வாடை. இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றின் சுவர், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே மரச்சட்டமும் தெர்மாகோலும், உள்ளே 3 மி.மீ. பிளைவுட் என்று சாண்ட்விச் மாதிரி இருக்கும். கூரை ஓரத்தில் ஓடும் அலுமினிய ரயிலுக்கு (நீளப் பட்டைக்கு) அடியில் இருக்கும் பசை நாடா வருஷக்கணக்கில் காய்ந்து சுருங்கும். தண்ணீர் திருகு ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போய் மரச்சட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் அழுகிக்கொண்டிருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இந்தப் பட்டறையைச் சொன்னார். ஒன்றரை மணி நேர ஓட்டம். உரிமையாளர் நன்றாகப் பேசினார், டீ கொடுத்தார். கையில் மீட்டரை வைத்து மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சின்ன விஷயம்தான் என்றார். அப்புறம் பேச்சு மெதுவாக வேறு பக்கம் போனது. எப்படியும் சுவரைப் பிரிக்கப் போகிறோம், கையோடு லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், கூரையில் இரண்டு சோலார் பேனல், தரைக்குப் புது வினைல் எல்லாம் போட்டுவிட்டால் வண்டி புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். எனக்கும் ஆசை. இன்டக்‌ஷன் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டு ஸ்காட்லாந்து வடகரையைச் சுற்றுவதாகக் கனவு. ஈரத்துக்கு 1,850, மின்சார வேலைக்கு 2,150, தரைக்கு 600, ஆக 4,600 பவுண்டு என்று எழுதிக் கொடுத்தார்.

முன்பணம் 250 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. அதுவும் தெரியாமல் செய்தது.

மூன்று வாரம் என்றது ஏழு வாரமானது. பில் 6,380. டைமிங் பெல்ட் பழசாக இருந்ததால் மாற்றினோம், 640. சீலன்ட், சில்லறைச் சாமான், 240. எதிர்பாராத கூடுதல் வேலை, 900. எதற்கும் என்னிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. மீதியைக் கார்டில் கட்டுகிறேன் என்றதற்கு 3 சதவீதம் கூடுதலாகும் என்றார். தனிநபர் கார்டுக்கு அப்படிக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2018 ஜனவரியிலிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது. வங்கியிலிருந்து அனுப்பிவிட்டேன்.

வண்டி பார்க்க அழகாக இருந்தது. புதுச் சுவர்த்தாள், மர நிறத்தில் தரை, சுவரில் ஒரு நீலத் திரையில் பேட்டரி 100 சதவீதம். பிள்ளைகள் குதித்தார்கள். திருச்சியிலிருந்து மாமனார் வந்திருந்தார். எல்லோருமாக வேல்ஸில் ஸ்னோடோனியா பக்கம் கிளம்பினோம்.

முதல் நாள் இரவு இன்டக்‌ஷன் அடுப்பைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் கம்பி சுட்டது. பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. 2000 வாட்டை 12.8 வோல்ட்டால் வகுத்தாலே 156 ஆம்பியர் வருகிறது, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் ஏறும். அவர்கள் வைத்த ஒற்றை 100 ஆம்ப்-ஹவர் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு 100 ஆம்பியருக்கு மேல் விடாது. அதாவது 1,280 வாட்தான் எல்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு. கம்பியோ 16 சதுர மி.மீ.; அந்தச் சுமைக்குக் குறைந்தது 50 வேண்டும். பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸே இல்லை.

“கேஸ் அடுப்புதான் இருக்கே, அதுலயே ஊத்திடுறேன்” என்றாள் மனைவி. வெளியே மழை. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு தோசை சுட்டுச் சாப்பிட்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

மாமா நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். படுக்கையில் சாய்ந்திருந்தவர் சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் டக் டக்கென்று வந்த சத்தம் மூலைக்கு வந்ததும் பொத் பொத்தென்று ஆனது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். புதுச் சுவர் உள்ளே போனது.

“மாப்பிள்ளை, இங்க கை வச்சுப் பாருங்க. மேலதான் புதுசு, உள்ள பலகை செத்துப் போச்சு.”

வீட்டுக்கு வந்து 30 பவுண்டுக்கு ஒரு ஈர மீட்டர் வாங்கினேன். பொதுவாக 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 20ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 30க்கு மேல் என்றால் உள்ளே மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். மூலையில் 38 காட்டியது. பட்டறைக்கு போன் செய்தேன். மழைக்காலத்தில் மீட்டர் அப்படித்தான் காட்டும், பழைய வண்டி, மரம் மூச்சுவிடும் என்றார். மூச்சுவிடுகிறதாம்! சுவரைப் பிரித்தபோது எடுத்த படங்களை அனுப்புங்கள் என்றேன். படம் எடுப்பது எங்கள் வழக்கமில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதே அரிதாகிவிட்டது.

வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். தனியாளாக வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். என் கண் முன்னாலேயே சுவரைப் பிரித்தார். பழைய பிளைவுட்டை எடுக்கவே இல்லை. அழுகிய பலகைக்கு மேலேயே பசை தடவிப் புது 3 மி.மீ. பிளைவுட்டை ஒட்டியிருந்தார்கள். பின்னால் இருந்த மரச்சட்டம் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. வெளியே ரயிலைக் கழற்றிப் புதுப் பசை நாடா வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில், குளியலறையில் பூசுகிற சிலிகானை மேலே நீட்டமாகப் பிதுக்கிவிட்டிருந்தார்கள். சிலிகான் பட்ட இடத்தில் அப்புறம் வேறு எந்த சீலன்ட்டும் ஒழுங்காக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் கூலி ஆனது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல், அவர்கள் ‘சரிசெய்த’ பிறகு மரம் முன்பைவிட வேகமாக அழுகியிருக்கிறது என்றார்.

சந்தேகம் வந்துவிட்டதால் மற்றதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பேட்டரிக்குள் போய்வரும் கரண்ட்டை அளக்கும் ஒரு ஷன்ட் மீட்டர் மாட்டி, முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கினோம். 100 என்று எழுதியிருந்தது 63 ஆம்ப்-ஹவரில் படுத்துவிட்டது. சார்ஜரும் பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கானதே. ஓடும்போது, இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்றுவதற்கு நடுவில் ஒரு பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர் இருக்க வேண்டும், அது இல்லவே இல்லை. லித்தியம் பேட்டரி கேட்கிற கரண்ட்டை நேரடியாகக் கொடுக்கப் போனால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம். சோலார் பேனலைக் கூரையோடு ஒட்டிவிட்டதால், எத்தனை வாட் என்கிற அதன் லேபிள் அடியில் மாட்டிக்கொண்டது. ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தோம். பில்லில் 175, லேபிளில் 120. டைமிங் பெல்ட் மூடியைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை என் கையில் கொடுத்தார். பெல்ட்டின் விளிம்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அதற்குத்தான் 640. அறுந்திருந்தால் இன்ஜினே போயிருக்கும்.

இதெல்லாம் பணம். எனக்கு இன்றுவரை கோபம் அடங்காதது தரை விஷயத்தில்தான்.

இந்த வண்டிகளின் தரையில், அடுப்பு, கேஸ் ஹீட்டர் பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஏதோ எலி வளை மாதிரி அசிங்கமாகத்தான் தெரியும். ஆனால் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அது வண்டிக்கு வெளியே இறங்கிப் போவதற்காக வைத்த வழி அது. எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. இவர்கள் அழகாக இருக்க வேண்டுமென்று இரண்டு ஓட்டைக்கும் மேலேயே வினைலை விரித்து ஒட்டிவிட்டார்கள். கேஸ் சோதிக்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, முதலில் சிலிண்டரை மூடுங்கள் என்றார், பிறகுதான் விளக்கம் சொன்னார். அந்தத் தரைக்கு அரை அடி மேலே, கீழ்ப்படுக்கையில், என் இரண்டு பெண்களும் வேல்ஸில் மூன்று இரவு தூங்கினார்கள்.

கேஸ் வேலைக்கு வருகிறவரிடம் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்பதற்கான அட்டை) கேளுங்கள். முன்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. அவருக்கு எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கம்தான் இருக்கும். எல்பிஜியும் இந்த மாதிரி வண்டிகளும் அதில் இருக்க வேண்டும். வீட்டு பாய்லர் பார்க்கிறவர் எல்லோருக்கும் அது இருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஆனிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல் துணி), சைக்கிள் ஸ்டாண்ட் என்று நானும் என் பங்குக்குச் சேர்த்திருந்தேன். தண்ணீர்த் தொட்டி நிறைந்து, குடும்பத்தோடு எடைமேடையில் ஏற்றினால் 3,570 கிலோ. என் வண்டிக்கு அனுமதி 3,500. 1997க்குப் பிறகு இங்கே கார் லைசன்ஸ் எடுத்த என்னைப் போன்றவர்களுக்கு லைசன்ஸின் எல்லையும் அதுவேதான். இதற்குப் பட்டறையை மட்டும் குறை சொல்ல முடியாது.

பணம் எவ்வளவு திரும்பியது என்றுதானே கேட்பீர்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி எந்தச் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி செய்யச் சொல்லலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். போனில் கத்தாமல் எழுத்தில் கேளுங்கள். நான் இரண்டு மாதம் போனில் கத்தினேன். பிறகு நண்பர் ஒருவர் சொல்லித்தான் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு தெரிந்தது. 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள ஒன்றுக்கு ஒரு சின்னப் பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், கார்டு நிறுவனத்துக்கும் அதே பொறுப்பு உண்டு. என் 250 பவுண்டு முன்பணம்! டெபிட் கார்டுக்கு இது பொருந்தாது.

கார்டு நிறுவனம் முதலில் மறுத்தது. சார்பில்லாத ஓர் இன்ஜினியரிடம் 220 பவுண்டு கொடுத்து, ஈர அளவு, கம்பியின் தடிமன், அடைத்த ஓட்டை எல்லாவற்றுக்கும் படத்தோடு அறிக்கை வாங்கி அனுப்பினேன். புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் நிதி நிறுவனங்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். போகப் போகிறேன் என்பதையும் எழுதினேன். கடைசியில் 3,700 பவுண்டு வந்தது. பெல்ட்டுக்கும் ‘எதிர்பாராத வேலை’க்கும் சிறு வழக்கு மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 10,000 பவுண்டு வரை அங்கே வக்கீல் இல்லாமலே போகலாம்.

இப்போது வேலை செய்கிறவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்: பிரித்ததும் படம், மூடுவதற்கு முன் படம், பேனலை ஒட்டுமுன் பின்பக்க லேபிளின் படம், கழற்றிய பழைய பெல்ட் என் கையில். பணம் கட்டம் கட்டமாக. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல வேலைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள் என்றார்.

வண்டி வீட்டு வாசலில் சுவர் பிரிந்து நிற்கிறது. உள்ளே ஈரம் உறிஞ்சும் மெஷின் இரவும் பகலும் ஓடுகிறது. முழுதாகக் காயும் வரை புதுச் சட்டம் வைக்க மாட்டேன் என்கிறார் அவர். ஊருக்குத் திரும்பிவிட்ட மாமா ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வந்து, நலம்கூட விசாரிக்காமல், “இன்னிக்கு எவ்வளவு மாப்பிள்ளை?” என்பார். மீட்டரைக் கேமராவுக்கு நேரே காட்டுவேன். போன வாரம் 21. இந்த வாரம் 17.