மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?

கொல்கத்தாவில் ஒருவர் எந்தக் கால்பந்துக் கழகத்தின் ஆதரவாளர் என்பதை, அவர் பந்தை உதைக்கத் தொடங்கும் முன்பே அவருடைய தாத்தாவின் ஊர் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. மேற்கு வங்கத்தைப் பூர்விகமாகக் கொண்ட ‘கோட்டி’ குடும்பங்கள் 1889-இல் தொடங்கப்பட்ட மோகன் பகானின் பக்கம் நிற்கின்றன, 1911-இல் இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடய இறுதிப் போட்டியில், ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்ற கதையைக் கேட்டே அவ்வீட்டுப் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

ஈஸ்ட் பெங்காலின் மீதான பற்றோ இழப்பிலிருந்து வருவது. என் பார்வையில் அதுவே ஆழமானது. கழகம் 1920-இலேயே பிறந்துவிட்டாலும், 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்தில் (இன்றைய வங்கதேசத்தில்) வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்து கொல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பக்கத்து அகதிக் குடியிருப்புகளில் தங்கியவர்களுக்கு, கைவிட்டுப் போன மண்ணின் பெயரைத் தாங்கி நின்ற அந்தச் சிவப்பு, தங்க நிறச் சட்டையே சொந்த ஊராயிற்று. தோல்விகள் தொடர்ந்தால் அணி மாறலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமேது?

சமையலறையிலும் இந்தப் பிரிவு உண்டு: மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா. (மீன் வியாபாரிக்கு எப்படியும் நட்டமில்லை.) இரு தரப்பும் சம்பந்தம் செய்துகொண்ட வீடுகளில்தான் சிக்கல், பிள்ளையை முதலில் மைதானத்துக்கு அழைத்துப் போவது அப்பாவா, தாய்மாமனா என்பதே அங்கு கேள்வி.