கிம்ப்பில் தரை நிழல்: ஆறு ஆண்டு அனுபவம்

பாத்திரக் கடைகளின் விளம்பரங்களுக்காகப் பித்தளைப் பொருள்களின் படங்களை வெட்டியெடுத்து வேறு பின்னணியில் அமர்த்தித் தரும் வேலையை ஆறு ஆண்டுகளாக கிம்ப் என்னும் படத் திருத்த மென்பொருளில் செய்து வருகிறேன். இதில் பாதி நேரம் நிழலுக்கே போகிறது.

தொடக்கத்தில் ‘டிராப் ஷேடோ’ என்னும் ஆயத்த நிழல் வசதியையே எல்லாவற்றுக்கும் போட்டேன். அது பொருளின் உருவத்தைக் கறுப்பாக்கி, சற்றே நகர்த்தி, முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்குகிறது. சுவரில் ஒட்டிய அட்டைக்கு இது பொருந்தும். தரையில் நிற்கும் குத்துவிளக்குக்குப் பொருந்தாது. “விளக்கு அந்தரத்துல நிக்குது தம்பி” என்றார் ஒரு கடைக்காரர். அவர் சொன்னது சரி.

சூரியன் வானில் ஏறத்தாழ அரை டிகிரி அகலமுள்ள வட்டமாகத் தெரிவதால், நிழல் எங்கும் ஒரே கூர்மையுடன் விழுவதில்லை. பொருள் தரையைத் தொடும் இடத்தில் ஓரம் கூர்மையாக இருக்கும். நிழலை வீழ்த்தும் விளிம்பு நிழல் விழும் இடத்திலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தாலோ அந்த ஓரம் குறைந்தது 9 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கரைந்துவிடும். ஆகவே இப்போது உருவத்தின் கறுப்பு நகலை பெர்ஸ்பெக்டிவ் கருவியால் (படத்தின் மூலைகளை இழுத்துச் சாய்க்கும் கருவி) ஒளிக்கு எதிர்த்திசையில் தரையோடு சாய்த்து, அதையே இரண்டாக்கி, ஒன்றுக்குச் சிறிதும் மற்றதற்கு அதிகமுமாக காசியன் பிளர் என்னும் மங்கலாக்கலைக் கொடுத்து, அடியிலிருந்து நுனிவரை ஒன்று மறைந்து மற்றது தெளியும்படி லேயர் மாஸ்க்கில் (ஒரு படலத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் இழுக்கிறேன். பீடத்தின் அடியில் மயிரிழைபோன்ற அடர்ந்த கோடு ஒன்றைத் தூரிகையால் தனியே போடுகிறேன். விளக்கைத் தரையில் உட்கார வைப்பது அந்தக் கோடுதான்.

நிழல் லேயரை, கீழுள்ள படத்தை மறைக்காமல் இருட்டாக்கும் ‘மல்டிப்ளை’ முறையில் வைத்தால் தரையின் சொரசொரப்பு நிழலுக்குள்ளும் தெரியும். வெயில் படங்களில் வான ஒளி நிழலுக்குள் புகுவதால் வெறும் கறுப்பு ஒட்டாது. படத்தில் ஏற்கெனவே உள்ள நிழலிலிருந்தே நிறத்தை எடுக்கிறேன். நீளமும் படத்தின் வெயிலுக்கு ஒத்திருக்க வேண்டும்: சூரியன் அடிவானத்திலிருந்து 45 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழல் பொருளின் உயரமளவு, 30 டிகிரியில் அதைப்போல் சுமார் 1.7 மடங்கு.

உருண்டு திரண்ட விளக்குக்கு இம்முறை போதும். மூக்குள்ள கெண்டிக்குப் போதாது. கேமரா காணும் உருவம் வேறு, பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி காணும் உருவம் வேறு என்பதால், மூக்கின் நிழலைக் கையால்தான் வரைய வேண்டியிருக்கிறது.

2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 பதிப்பில், போட்ட பிளரின் அளவைப் பிறகும் மாற்ற முடிவது எனக்குப் பேருதவி. பெர்ஸ்பெக்டிவ் சாய்வு மட்டும் அதில் ஒருமுறை போட்டால் நிலைத்துவிடுகிறது. அதனால் சாய்க்காத நகல் ஒன்றை ஒவ்வொரு கோப்பிலும் மறைத்தே வைத்திருக்கிறேன்.