புதுச்சேரியில் இரண்டு நாள்: பழைய வீட்டில் தங்குவதா, புது ஓட்டலிலா?

கடந்த டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரியில் இரண்டு இரவு தங்க இடம் தேடினேன். மூன்று வழி இருந்தது. பேருந்து நிலையத்துப் பக்கம் லிஃப்ட் வைத்த புது ஓட்டல். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் ஓட்டலாக மாற்றிய பழைய பங்களா. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் திண்ணையும் முற்றமுமாக ஒரு பழைய வீடு. முதல் இரண்டிலும் முன்பே தங்கியிருந்ததால் இந்த முறை மூன்றாவதைப் பிடித்தோம். இனி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

புது ஓட்டலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாடகை குறைவு, வெந்நீர் வரும், காரை நிறுத்தலாம். பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு இரவு தூங்க மட்டும் வருபவர்களுக்கு அது போதும். பழைய வீட்டுக்கு நான் கொடுத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பிரெஞ்சுப் பகுதியின் அழகை மறுக்கவே முடியாது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, விடியற்காலையில் நான்கு எட்டு வைத்தால் கடற்கரைச் சாலை. 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளியபின் 1765க்கு அப்புறம் மறுபடி எழுந்த பகுதி அது. ஆனால் அந்த வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பவை. உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம். கதவைச் சாத்திவிட்டால் ஊர் வெளியே போய்விடும்.

தமிழர் பகுதி வீடு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். காலையில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பூக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார். கீழே திண்ணை, மரத்தூண், முற்றம், மாடியில் மட்டும் பிரெஞ்சு வளைவு ஜன்னல் என்று இரண்டும் கலந்த வீடுகளை வைசியாள் வீதியில் வரிசையாகப் பார்க்கலாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அந்தத் தெருவின் முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. பெருமாள் கோயில் வீதியில் மேசோன் பெருமாள் போல, இப்படிப்பட்ட வீடுகள் சில இன்று தங்குமிடங்களாகவே நடக்கின்றன.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது திண்ணை இல்லை, சுவரில் ஏறும் ஈரம், அதாவது ஓதம்.

முன்பு தங்கிய பங்களாவில் கீழ்த்தள அறை கொடுத்தார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர், முழங்கால் உயரம்வரை கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை, மறுநாள் எடுத்துப் போட்ட சட்டை நமுத்துக் கிடந்தது. பழைய வீடு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை என்று புரியவைத்தவர், டிசம்பரில் நாங்கள் தங்கிய வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்.

அவர் சொன்னது இதுதான். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் பூச்சு வழியாகவே ஆவியாகிவிடும், உப்பும் வெளியே பூத்து உதிரும், துடைத்துவிட்டு மறுபடி வெள்ளையடித்தால் சரி. அதே சுவரில் சிமெண்ட் பூசி மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரத்துக்குப் போக்கிடம் கிடையாது, அது இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டி செங்கல்லையே பொடியாக்கும். கடலோர ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கை வேண்டும், காசும் பொறுமையும் வேண்டும். அதனால்தான் பலர் சிமெண்டுக்குப் போய்விடுகிறார்கள். பராமரிப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி உண்டு: கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நின்ற மேரி கட்டடம் (பிரெஞ்சுக்கார்கள் கட்டிய நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது, அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தது.

எனவே பதிவு செய்யும் முன் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சுவர்ப் பூச்சு சுண்ணாம்பா, சிமெண்டா? வீட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள்பவர்கள் உற்சாகமாகப் பத்து நிமிடம் பேசுவார்கள். தடுமாறினால் மாடியறை கேளுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். பிரெஞ்சுப் பகுதியிலும் சுண்ணாம்பில் அருமையாகக் காப்பாற்றப்படும் வீடுகள் இருக்கத்தான் செய்யும். நான் தங்கியது ஒன்றில்தான், அதை வைத்து அந்தப் பகுதி முழுவதையும் எடை போட மாட்டேன். மூன்றிலும் நான் தங்கியது டிசம்பர், பிப்ரவரி மாதங்களில் மட்டும், ஆகவே மே மாத வெயிலுக்கு என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்று, பெரியவர்களைக் கூட்டிப்போனால் படிக்கட்டைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்த மாடியறைக்கு மரப்படி, அதுவும் செங்குத்து. அம்மா முதல் நாள் இரண்டு தடவை ஏறி இறங்கியதோடு சரி, மறுநாள் பகலெல்லாம் திண்ணையிலேயே இருந்துவிட்டார்.