தண்டவாளத்தில் நாயகி, இன்ஜினில் வில்லன்: பினாங்கு மண்டபங்களுக்கு ஏற்ற 1913ஆம் ஆண்டுச் சிரிப்புப் படம்

‘பார்னி ஓல்ட்ஃபீல்ட்ஸ் ரேஸ் ஃபார் எ லைஃப்’ இயக்குநர் மேக் செனட்டின் கீஸ்டோன் என்ற அமெரிக்கச் சிரிப்புப் பட நிறுவனம் 1913இல் வெளியிட்ட ஒரே ரீல் ஊமைப்படம். தன் காதலை ஏற்காத மேபல் நார்மண்டைத் தண்டவாளத்தில் சங்கிலியால் பிணைத்துவிட்டு, வில்லன் ஃபோர்டு ஸ்டெர்லிங் ஓர் இன்ஜினைக் கடத்திக்கொண்டு அவள்மேல் ஏற்ற வருகிறான். காதலன் ஓடிப்போய்க் கார்ப் பந்தய வீரர் ஓல்ட்ஃபீல்டை அழைக்கிறான். அவர் நிஜமான பந்தய வீரர்தான். 1903இல் வட்டப் பாதையில் ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள் ஓட்டிக் காட்டியவர்.

இதை நிஜ சோகக் கதை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் பலர். ஆனால் இது அப்படிப்பட்ட கதைகளைக் கேலி செய்யும் படம். தண்டவாளக் காட்சி 1867இல் அகஸ்டின் டேலி எழுதிய ‘அண்டர் தி கேஸ்லைட்’ நாடகத்திலேயே நியூயார்க் மேடையைக் கலக்கியது. அதில் கட்டப்படுபவன் ஆண். கோடரியால் கதவை உடைத்து வந்து காப்பாற்றுபவள் பெண். 46 ஆண்டுகளில் அந்த உத்தி தேய்ந்துபோனது. செனட் கேலி செய்வது அந்தத் தேய்வைத்தான். ஸ்டெர்லிங் ஒவ்வொரு சதியையும் கையாலும் முகத்தாலும் பார்வையாளருக்கே அறிவிக்கிறார். மேபல் மட்டும் உண்மையாகவே பயப்படுகிறார். இந்த இரண்டும் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) மோதும்போது சிரிப்பு வெடிக்கிறது. காதலனாக வரும் செனட்டின் நடிப்பு மட்டும் சுமார்.

இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகங்களைப் பார்த்து பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் பிறந்த ஊர் பினாங்கு. மேடை வில்லனின் மிரட்டலும் உருட்டு விழியும் இங்குள்ள பெரியவர்களுக்கு விளக்காமலே புரியும்.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம்தான். முழு ரீல் 1,000 அடி. அடிக்கு 16 சட்டம். நொடிக்கு 16 சட்டமாக ஓட்டினால் சுமார் 16 நிமிடம் 40 நொடி, 24 ஆக ஓட்டினால் 11 நிமிடம்தான். ஆகவே இணையத்தில் கிடைக்கும் பிரதியில் எல்லாரும் குதித்துக் குதித்து நடந்தால், பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்குங்கள், நொடிக்கு 18 சட்டம் வரும். அதற்கும் கீழே போகவேண்டாம். துரத்தல்கள் விரைவாகத் தெரியவேண்டும் என்றே கீஸ்டோனில் படம்பிடிக்கும்போது கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுழற்றினார்கள். மிகவும் குறைத்தால் காரும் ரயிலும் சோர்ந்துவிடும்.

வேகம் குறைந்தால் பிரதியோடு வரும் பியானோவும் இழுபடும். ஒலியை அணைத்துவிட்டு ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: சிரிப்புச் சத்தம் எதுவும் கூடாது. வில்லன் வரும்போது இசை நிஜமாகவே நடுங்கவேண்டும். இசை கதையை நம்பினால்தான் கேலி எடுபடும். சம்மட்டி அடிகளுக்குத் தபலா துல்லியமாக விழட்டும். மேபல், இன்ஜின், கார் என்று காட்சி மாறி மாறி வரும் இடத்தில் தாளத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் ஏற்றுங்கள்.

புரொஜெக்டரை 4:3 அளவில் வையுங்கள். அகலத் திரைக்கு இழுத்தால் முகங்கள் உப்பும். மேலும் கீழும் வெட்டினால் ஸ்டெர்லிங்கின் கால் சேட்டைகள் காணாமல் போகும். எழுத்து அட்டைகள் சில நொடிகளே நிற்பதால், தமிழில் உரக்கச் சொல்ல ஒருவர் திரையருகே இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியில் போடுவதானால், முடிவில் துப்பாக்கிச் சூடு உண்டு என்பதை ஆசிரியர்களிடம் முன்பே தெரிவித்துவிடுங்கள்.