மெதுவாகப் பயணிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விசா நீட்டிப்புக்காகப் பாஸ்போர்ட்டை முகவரிடம் கொடுக்காதீர்கள்

ஓர் ஊரில் மாதக்கணக்கில் தங்கி, அவசரமில்லாமல் உலகைச் சுற்றி வரும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வந்து போகிறவருக்கு விசா நீட்டிப்பே தேவைப்படாது என்பதால், அவருக்கு இந்த மோசடி நேர்வதும் இல்லை. கொடுத்த நாள்கள் போதாமல், இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாமே என்று நினைக்கும் நம்மைப் போன்றவர்களைக் குறிவைத்தே இது நடக்கிறது. என் பாஸ்போர்ட்டில் போலி நீட்டிப்பு முத்திரை ஒன்று குத்தப்பட்டது. அது போலி என்று தெரியாமலே 52 நாள்கள் அந்த நாட்டில் அனுமதியின்றித் தங்கியிருந்தேன். புறப்படும் நாளில், விமான நிலையத்தின் குடியேற்ற மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் உண்மை தெரிந்தது.

அந்த நாட்டின் பெயரையோ முகவரின் பெயரையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்திருக்கிறேன். தவிர, இதே முறையில் ஏமாந்த பயணிகளைப் பின்னர் வேறு இரண்டு நாடுகளிலும் சந்தித்துவிட்டதால், இதை ஓர் ஊரின் குறையாகவோ ஒரு மக்களின் குறையாகவோ சொல்வது நியாயமாகாது.

நான் முதுகுப்பையோடு புறப்பட்ட மூன்றாம் ஆண்டு அது. முதல் ஆண்டில் நாட்டுக்கு நாடு தாவிக்கொண்டிருந்தேன். எந்த நாட்டில் எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்து, நாள்தோறும் பார்த்துக்கொள்வேன். இரண்டாம் ஆண்டிலிருந்து வேகம் குறைந்தது. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று ஒரே வீட்டில் தங்கி, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு ஓர் ஊரோடு பழகிவிடுவதுதான் பயணத்தின் உண்மையான சுகம் என்று கண்டுகொண்டேன். மெதுவான பயணம் எனக்குத் தந்த மிகப் பெரிய வரம், முன்பின் தெரியாத மனிதர்கள்மீது வந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் இப்போதும் விட்டுவிடவில்லை. ஆனால் அது வளர வளர, குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை நான் நிறுத்திவிட்டிருந்தேன்.

முகவரின் அலுவலகம் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. பேருந்துச் சீட்டு, சிம் கார்டு, பொட்டலம் அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போவேன். ஒரு முறைகூட அவர் கூடுதலாகப் பணம் கேட்டதில்லை. நுழையும்போது எனக்குக் கிடைத்த 30 நாள்கள் முடியும் தறுவாயில், முதல் நீட்டிப்பையும் அவர் வழியாகவே பெற்றேன். அது முழுக்க முறையாக நடந்தது. என்னைக் குடியேற்றத் துறை அலுவலகத்துக்கு நேரில் அழைத்துச் சென்றார். அங்கே என்னைப் புகைப்படம் எடுத்தார்கள், கைரேகை பதிந்தார்கள், கட்டணத்துக்கு என் பெயரில் ரசீது கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இன்னொரு 30 நாள்களுக்கான முத்திரையோடு பாஸ்போர்ட் கைக்கு வந்தது. பின்னால் எண்ணிப் பார்க்கும்போது, இந்த முறையான முதல் வேலைதான் என்னை முழுவதுமாக வீழ்த்தியது என்று தோன்றுகிறது. உண்மையான சேவையால் சம்பாதித்த நம்பிக்கையின்மேல்தான் அவர் பொய்யைக் கட்டினார்.

அந்த நாட்டின் விதிப்படி சுற்றுலா அனுமதியை ஒரு முறைதான் நீட்டிக்க முடியும். இது எனக்குத் தெரியும். துறையின் இணையதளத்தில் நானே படித்திருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் என் பங்குக்கான தவற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "அங்கே எனக்கு ஆள் இருக்கிறது. இந்த முறை நீங்கள் வரவே வேண்டாம், பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தால் போதும்" என்று அவர் சொன்னபோது, விதியில் இல்லாத ஒன்றை ஆள் பலத்தால் எப்படிப் பெற முடியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டு வாடகையை ஏற்கெனவே பேசி முடித்திருந்தேன். கிளம்ப மனமும் இல்லை. முதல் முறை கட்டியதைப் போல நான்கு மடங்குத் தொகையை அவர் கணக்குக்கு அனுப்பினேன். ரசீது கேட்டதற்குக் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்.

நான்காம் நாள் கிடைத்துவிடும் என்று சொன்ன பாஸ்போர்ட், பதினோராம் நாள்தான் வந்தது. இடையில் அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்றார். பிறகு கணினி வேலை செய்யவில்லை என்றார். எட்டாம் நாள், மேலதிகாரி கூடுதலாகக் கேட்கிறார் என்று இன்னொரு தொகை கேட்டார். வேறொருவர் கையில் நம் பாஸ்போர்ட் இருக்கும்போது பேரம் பேசும் வலிமை நமக்கு இருப்பதில்லை. நான் கொடுத்துவிட்டேன். அந்தப் பதினொரு நாள்களும், தெருவில் காவலர் யாராவது நிறுத்தி அடையாளம் கேட்டால் காட்டுவதற்கு ஒரு நகலைத் தவிர வேறெதுவும் என்னிடம் இல்லை.

மீண்டும் கைக்கு வந்தபோது பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தேதி சரியாக இருந்தது; 60 நாள்கள் என்றிருந்தது; கையொப்பம் இருந்தது. எதிர்ப் பக்கத்திலேயே இருந்த முதல் நீட்டிப்பு முத்திரையைப் போலவே இதுவும் இருந்ததால், நிம்மதியாக மூடி வைத்துவிட்டேன். அப்படி ஒன்றைப் போலவே மற்றொன்று இருந்ததுதான் மோசடிக்கான அடையாளம் என்பதை, விமான நிலையத்தில் ஓர் அதிகாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்துகள் வீதம் இரண்டு வரிகள் இருக்குமல்லவா, இயந்திரம் படிப்பது அவற்றைத்தான். அதைப் படித்தவுடன் நம்மைப் பற்றிய பதிவு அதிகாரியின் திரையில் வந்துவிடும். என் பதிவில் முதல் நீட்டிப்பு மட்டுமே இருந்தது. அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து இரண்டு முத்திரைகளின் மேலும் மாறி மாறி வைத்தார். பிறகு பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பி, முதல் முத்திரையின் இடது கீழ் மூலையில் கோடு மயிரிழை அளவுக்கு விட்டுப்போயிருப்பதைக் காட்டினார். அந்த ஒரு முறை மை சரியாகப் படாததால் வந்த இடைவெளி அது. இரண்டாம் முத்திரையிலும் அதே இடத்தில், அதே அளவில், அதே இடைவெளி. முத்திரைக்கு மேல் இருந்த கோப்பு எண்ணும் இரண்டிலும் ஒன்றே. என் பாஸ்போர்ட்டில் இருந்த உண்மையான முத்திரையைப் படம் பிடித்து, தேதியையும் நாள்களின் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி அச்சு செய்து, என் பாஸ்போர்ட்டிலேயே குத்தியிருக்கிறார்கள். இரண்டு மாதங்களாக அந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் என் கண் முன்னாலேயே இருந்தன.

நாட்டுக்குள் வந்து அது 112ஆம் நாள்; எனக்கு அனுமதி இருந்ததோ 60 நாள்களுக்குத்தான். விமானம் போய்விட்டது. சுமார் ஏழு மணி நேரம் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்திருந்தேன். அனுமதிக் காலத்தை மீறித் தங்கியதற்கான அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் போலி முத்திரை இருப்பது பெரும்பாலான நாடுகளில் தனிக் குற்றம். நான் சிறைக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம், முகவருக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பிய விவரமும், அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் அனைத்தும் அழியாமல் கைப்பேசியில் இருந்ததும்தான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், இந்தப் போலியை நான் செய்யவில்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. இதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் எனக்கு உதவிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் நம்மைத் தடுத்து வைத்தால், நம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நான் குரலை உயர்த்தாமல் இதைக் கேட்டேன், அவர்களும் மறுக்கவில்லை. தூதரக அதிகாரியால் அபராதத்தைக் குறைக்க முடியாது, நம்மை விடுவிக்கச் சொல்லவும் முடியாது. ஆனால் நான் கையெழுத்திட வேண்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தொலைபேசியில் ஒவ்வொரு வரியாக எனக்கு விளக்கினார். அதில் போலி முத்திரையை நான் தெரிந்தே பயன்படுத்தியதாக ஒரு வரி இருந்தது. நான் மறுத்ததால் அதை நீக்கினார்கள். புரியாத மொழியில் உள்ள தாளில் களைப்பினால் கையெழுத்துப் போட்டிருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

முடிவில் நாள் கணக்கில் அபராதம், ஓராண்டுக்கு அந்த நாட்டில் நுழையத் தடை, புதிய விமானச் சீட்டுக்கான செலவு. என் பயணக் காப்பீட்டில் இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை; அனுமதியின்றித் தங்கிய நாள்களில் எனக்கு விபத்து நேர்ந்திருந்தால் அதற்கும் கிடைத்திருக்காது என்பதை ஒப்பந்தத்தை மறுபடி படித்தபோது உணர்ந்தேன்.

முத்திரை என்பது அனுமதியின் அடையாளம் மட்டுமே. அனுமதி இருப்பது அரசின் பதிவேட்டில். ஆகையால் நீட்டிப்பு கிடைத்ததும் முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், துறையின் ரசீது உங்கள் பெயரில் இருக்கிறதா, அதன் எண் முத்திரையில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். நீங்கள் நேரில் வர வேண்டாம் என்று சொல்பவரிடமும், உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்பவரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

எந்த முகவராலும் நீட்ட முடியாத உச்ச வரம்புகள் பல நாடுகளில் உண்டு. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு 150 நாள்கள்தான் இருக்கலாம். தங்களுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத, ஐரோப்பாவின் 29 ஷெங்கன் நாடுகளிலும் சேர்த்து, எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்களுக்கு மேல் இருக்கக் கூடாது; நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று ஹாஸ்டல்களில் பலர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது தவறு. அங்கே 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தையும் கைரேகையையும் கணினியில் பதிவு செய்யும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், முத்திரை தெளிவாக இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

இதைப் படிக்கும்போதே உங்கள் பாஸ்போர்ட் யாரிடமாவது சிக்கியிருந்தால், அந்த ஆள் முகவராக இருந்தாலும், ஸ்கூட்டர் வாடகைக்கு ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு இல்லாத கீறலுக்குப் பணம் கேட்பவராக இருந்தாலும், ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கோபத்தில் உடனே 'தொலைந்துவிட்டது' என்று பதிவு செய்யாதீர்கள். தொலைந்ததாக அறிவித்த பாஸ்போர்ட் செல்லாததாகிவிடும். அதன் எண், 2002 முதல் இன்டர்போல் பராமரித்து வரும் தொலைந்த, திருடப்பட்ட ஆவணங்களின் பட்டியலுக்குப் போய்ச் சேரும். மறுநாளே அது கைக்குத் திரும்பி வந்தாலும் அதைக் கொண்டு எல்லையைக் கடக்க முடியாது. புதிய பாஸ்போர்ட் வாங்கினால் அதில் நீங்கள் நாட்டுக்குள் வந்ததற்கான முத்திரை இருக்காது என்பதால், அதையும் குடியேற்றத் துறையில் சரி செய்தாக வேண்டும். முதலில் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள். பாஸ்போர்ட் பொதுவாக அதை வழங்கிய அரசின் சொத்து, அதைப் பிணையாக வைத்துக்கொள்ளத் தனியாருக்கு உரிமை இல்லை என்று எழுத்து மூலம் சொல்லி, காவல் நிலையத்துக்குப் போகப் போவதாகவும் சொல்லுங்கள். நான் அறிந்த இரண்டு பேருக்கு இந்த ஒரு செய்தியிலேயே பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது.

தடைக் காலம் சென்ற மாதம் முடிந்தது. ஆனால் விசா விண்ணப்பங்கள் பலவற்றில், நீங்கள் எந்த நாட்டிலாவது அனுமதிக் காலத்தை மீறித் தங்கியிருக்கிறீர்களா, நுழையத் தடை விதிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு இனி நான் 'ஆம்' என்றுதான் பதில் எழுத முடியும். ஒவ்வொரு முறையும் அபராத ரசீதின் நகலையும், புகாரின் நகலையும், நடந்ததை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தையும் இணைக்கிறேன். முதல் விண்ணப்பத்துக்குக் கூடுதல் விசாரணைக்குப் பின் ஐந்து வாரங்களில் விசா கிடைத்தது. இரண்டாவது விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.